கேள்வி – பதில்: ஆஸ்கர் சிலையும் மெழுகு வார்ப்பும்

கேள்வி: சுவாமிமலையில் சாமி சிலை வார்ப்பது போலவே ஆஸ்கர் சிலையையும் மெழுகு வைத்துத்தான் வார்க்கிறார்கள் என்கிறான் என் மகன். உண்மையா?
– வாசகி, கும்பகோணம்

உண்மைதான், 2016-லிருந்து அப்படித்தான் வார்க்கிறார்கள். 1929-ல் நடந்த முதல் விழாவில் கொடுத்தது தங்க முலாம் பூசிய வெண்கலச் சிலை. பிறகு வெண்கலத்தை விட்டுவிட்டு, வெள்ளீயம் மிகுந்த பிரிட்டானியா என்ற கலப்பு உலோகத்துக்கு மாறிவிட்டார்கள். 2009-ல் ஏ.ஆர். ரகுமான் வாங்கிய இரண்டு சிலைகளும் அந்த உலோகம்தான். 2016-ல் நியூயார்க் மாநிலத்தில் ராக் டாவர்ன் என்ற ஊரிலுள்ள பாலிக் டாலிக்ஸ் வார்ப்படச் சாலைக்கு வேலை போனபோது வெண்கலம் திரும்பி வந்தது. ஆகவே 2023-ல் 'நாட்டு நாட்டு' பாட்டுக்காகக் கீரவாணி ஏந்தியது வெண்கலச் சிலை.

முதலில் அச்சில் மெழுகை ஊற்றி உருவம் எடுத்து, அதைப் பீங்கான் குழம்பில் பத்து முறை போல முக்கி முக்கிக் காயவைக்கிறார்கள். கெட்டியான ஓடு உருவானதும் சூளையில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும், அந்த வெற்றிடத்தில் சுமார் 1,000 டிகிரி செல்சியஸில் உருகிய வெண்கலத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் பீங்கான் ஓட்டினை உடைத்து, கண்ணாடி போல மெருகேற்றி, புரூக்ளினில் 24 காரட் தங்க முலாம் பூசுகிறார்கள். உயரம் பதின்மூன்றரை அங்குலம், எடை கிட்டத்தட்ட 3.9 கிலோ. 50 சிலை முடிக்க மூன்று மாதம் ஆகிறது.

சுவாமிமலையிலும் இதே வழிதான், பீங்கான் குழம்புக்குப் பதில் காவிரி வண்டல் மண். ஆனால் அங்கே தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்த மெழுகில் ஸ்தபதி ஒவ்வொரு உருவத்தையும் கையாலேயே பிடிக்கிறார். வார்ப்பு முடிந்தால் மெழுகும் இல்லை, மெழுகைச் சுற்றிப் பூசிய மண் அச்சான கருவும் இல்லை, அதனால் அச்சு அசலாக இன்னொரு சிலை வராது. விருதுக்கு ஐம்பதும் ஒன்று போல இருந்தாக வேண்டும், அதனால் மெழுகுக்கே ஓர் அச்சு தேவைப்படுகிறது. எனக்கு ஸ்தபதியின் கைவேலைதான் பெரிது, அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: எங்கள் நாடகக் குழுவின் ஆண்டு விழாவுக்குப் பத்து வெண்கல விருதுகள் செய்ய நினைக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், மதுரை

நல்ல காரியம், தாராளமாகச் செய்யுங்கள். களிமண்ணில் ஒரே ஒரு மாதிரி செய்து அதன்மேல் சிலிக்கோன் ரப்பர் அச்சு எடுத்துவிட்டால், பத்து மெழுகு உருவமும் அதிலிருந்தே வந்துவிடும். மெல்லிய விரல், நீட்டிய வாள் மாதிரி எதுவும் வைக்காதீர்கள், உலோகம் அங்கே போய்ச் சேருவதற்குள் உறைந்துவிடும். வெண்கலம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு சுருங்கும், ஆகவே பீடத்தைத் தனியாகச் செய்வதாக இருந்தால் சிலை வந்த பிறகு அளவெடுங்கள். செலவுக் கணக்குக்கு மெழுகு உருவத்தை எடை போட்டாலே போதும், ஒரு கிலோ மெழுகின் இடத்தை நிரப்பச் சுமார் ஒன்பது கிலோ வெண்கலம் வேண்டும். அப்புறம், பட்டறைக்காரரை அவசரப்படுத்தாதீர்கள், ஈரம் காயாத கருவில் உலோகத்தை ஊற்றினால் ஆவி கிளம்பி வெடித்துத் தெறிக்கும், அது ஆளுக்கே ஆபத்து.

பெயரைச் சிலையிலேயே பொறிக்க வேண்டாம், தகட்டில் பொறித்து ஒட்டிக்கொள்ளலாம். ஆஸ்கரிலும் விழா முடிந்த பிறகு நடக்கும் விருந்தில்தான் பெயர்த் தகட்டைப் பொருத்துகிறார்கள்.