காப்ஸ்யூல் காபி மெஷின் வாங்கலாமா?

கேள்வி: வீட்டில் நாங்கள் இருவர். காலையில் டிகாஷன் இறங்கும்வரை காத்திருக்க நேரமில்லை. காப்ஸ்யூல் மெஷின் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?
– சென்னை வாசகி

பதில்: வாங்கலாம். ஆனால் முதலில் காப்ஸ்யூலை, அதாவது ஒரு கப்புக்கான காபித் தூளை அடைத்த சிறு குப்பியைப் பாருங்கள், பிறகுதான் மெஷின். நெஸ்பிரஸ்ஸோவின் 'ஒரிஜினல்' வகை மெஷினில் வேறு பல கம்பெனிகளின் காப்ஸ்யூலும் பொருந்தும். 'வெர்ட்டுவோ' வகை காப்ஸ்யூலின் விளிம்பிலுள்ள பார்கோடைப் படித்து இயங்குவது. அதற்குத் தேர்வு குறைவு. ஒன்றுக்கு மற்றொன்று ஒத்துவராது.

ஒரிஜினல் காப்ஸ்யூலில் இருப்பது சுமார் 5, 6 கிராம் தூள்தான். எஸ்பிரஸ்ஸோ பட்டனில் 40 மி.லி. இறக்கி, 80 மி.லி. சூடான பாலில் கலந்தால் நன்றாக இருக்கும். லுங்கோ (அதே தூளில் அதிகத் தண்ணீர் விட்டு இறக்கும் காபி) பட்டனை அழுத்தி 110 மி.லி. இறக்கி, அதில் பாலும் ஊற்றினால் கழுநீர்தான்! பெரும்பாலான காப்ஸ்யூல்களில் சிக்கரி கிடையாது. ஃபில்டர் காபியின் கெட்டித்தன்மையை எதிர்பார்க்காதீர்கள்.

போர்வெல் தண்ணீர் ஊற்றினால் உள்ளே உப்பு படியும். காபி சொட்டுச்சொட்டாக இறங்குவது அதற்கு அறிகுறி. கம்பெனி சொல்லும் உப்பு நீக்கும் திரவத்தை ஓடவிடுங்கள். வினிகர் வேண்டாம், ரப்பர் வளையம் கெடும். மெஷின் 1,200 வாட்டுக்கு மேல் இழுக்கும் என்பதால் 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் நல்லது.