உயிருள்ள செல்களைச் சாகடிக்காமல் எப்படித் தனித்தனியாகப் பிரிக்கிறார்கள்?

கேள்விக்குக் கீழே நீங்கள் சேர்த்திருக்கும் வரிதான் என்னை எழுத வைத்தது: “சுழற்றுகிறார்கள், காந்தத்தில் இழுக்கிறார்கள், லேசர் அடிக்கிறார்கள், இத்தனைக்கும் பிறகு அது உயிரோடு இருக்குமா?”

இருக்கும். ஆனால் போட்டதெல்லாம் திரும்பி வராது. பதினோரு வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன். வீடு கொழிஞ்சாம்பாறையில், லேப் கோயம்புத்தூரில். தினமும் வேலந்தாவளம் தாண்டிப் போய் வருகிறேன். பிரிப்பதைப் பத்து நாளில் கற்றுக்கொள்ளலாம். பிரித்ததை உயிரோடு கையில் வாங்கப் பழகத்தான் எனக்கு வருடங்கள் ஆயின.

எங்கள் பக்கத்தில் விதைநெல்லை உப்புத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது உண்டு. வாளித் தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே ஒரு முட்டையைப் போடுவார் அப்பா. முட்டை மிதந்து, காசு அளவுக்கு மேலே தெரிந்தால் கரைசல் சரி. நெல்லைக் கொட்டினால் பதரும் அரைகுறையாகத் திரண்ட மணியும் மிதக்கும், திரண்ட நெல் அடியில் நிற்கும். “உப்புப் போக நாலு தண்ணி அலசு, இல்லேன்னா முளைக்காது” என்பதை மட்டும் அவர் சொல்லாமல் விட்டதே இல்லை.

ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களை எடுக்க நாங்கள் செய்வதும் இதேதான். உப்புக்குப் பதில் ஃபைக்கால் என்ற சர்க்கரைப் பாலிமர் கலந்த கரைசல். முட்டைக்குப் பதில் மில்லிக்கு 1.077 கிராம் என்ற அடர்த்திக் கணக்கு. 1968-இல் ஆர்னே போயும் என்ற நார்வேக்காரர் வெளியிட்ட முறை, இன்றும் பெரிதாக மாறவில்லை. குழாயில் கரைசலை ஊற்றி, குழாயைச் சாய்த்துப் பிடித்து, நீர்த்த ரத்தத்தைச் சுவரோரமாக மெல்ல வழிய விடவேண்டும். இரண்டும் கலந்துவிடக் கூடாது. பிறகு புவியீர்ப்பைப் போல 400 மடங்கு விசையில் அரை மணி நேரம் சுழற்சி. சிவப்பணுக்கள் அடிக்குப் போய்விடும், மஞ்சள் பிளாஸ்மா மேலே நிற்கும், நடுவில் கஞ்சி ஆடை மாதிரி ஒரு மெல்லிய வெள்ளை வளையம் தெரியும். வெள்ளணு வகைகளான லிம்ஃபோசைட்டும் மோனோசைட்டும் அதில்தான். 1 மில்லி ரத்தத்துக்கு ஏறக்குறைய 10 லட்சம் செல் கிடைக்கும். எடுத்ததும் கழுவவேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கரைசலே செல்லுக்குக் கெடுதல். அப்பாவின் நாலு தண்ணி நினைவு வராமல் நான் கழுவியதே இல்லை.

சுழற்சி முடியும்போது பிரேக் போடக் கூடாது, இயந்திரம் தானாக ஓய்ந்து நிற்கவேண்டும். சேர்ந்த முதல் வருடம் பிரேக்கை அணைக்க மறந்துவிட்டேன். குழாய் வெடுக்கென்று நின்றதில் வளையம் கலங்கிச் சிவப்போடு கலந்துபோனது. சின்னப் பிள்ளை ஒருவரிடம் எடுத்த 3 மில்லி ரத்தம் அது. இன்னொரு தடவை ஊசி குத்தவேண்டும் என்று வார்டுக்குப் போன் செய்து சொன்னது நான்தான். அன்றிலிருந்து பிரேக் பட்டனை இரண்டு தடவை பார்க்காமல் மூடியை மூடுவதில்லை.

அடர்த்தி இவ்வளவுதான் செய்யும். எடையில் ஒன்றுபோல இருக்கும் இரண்டு வகை லிம்ஃபோசைட்டைப் பிரிக்க, அவற்றின் மேல்தோலில் உள்ள புரதத்தை அடையாளமாகப் பிடிக்கவேண்டும். சிடி4, சிடி8, சிடி34 என்று எண் வைத்திருப்பது அந்தப் புரதங்களுக்குத்தான். ஒவ்வொன்றிலும் போய் ஒட்டும் ஆன்டிபாடியில் 50 நானோமீட்டர் அளவுள்ள காந்தத் துகளைக் கோத்து, காந்தத்துக்குள் நிற்கும் ஒரு சின்னக் குழல் வழியாக விட்டால், வேண்டியது சிக்கிக்கொள்ளும், வேண்டாதது ஓடிவிடும். குழலைக் காந்தத்திலிருந்து எடுத்துக் கழுவினால் சிக்கியது இறங்கிவரும். செல்லுக்கு இதில் அலைச்சல் குறைவு. வேலைக்கு இது போதுமென்றால் நான் இதோடு நிறுத்திக்கொள்வேன்.

லேசர் முறை வேறு ரகம். 1965-இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸில் மாக் ஃபுல்வைலர், மை தெளிக்கும் பிரின்டரின் உத்தியை எடுத்துச் செல்லுக்குப் பயன்படுத்தினார். பிறகு ஸ்டான்ஃபோர்டில் லியோனார்ட் ஹெர்சன்பெர்க் குழு அதோடு ஒளிரும் சாயத்தைச் சேர்த்தது. செல்கள் வரிசையாக லேசரைத் தாண்டும், ஒளியைப் பார்த்து இது யார் என்று இயந்திரம் முடிவு செய்யும். தண்ணீர்த் தாரை துளித்துளியாக உடையும் கணத்தில் வேண்டிய துளிக்கு மட்டும் மின்னேற்றம் கொடுத்து, ஆயிரக்கணக்கான வோல்ட் தகடுகளுக்கு நடுவில் வளைத்துக் குழாயில் விழவைக்கும்.

செல் அடிபடுவது இங்கேதான். தாரை வெளிவரும் 70 மைக்ரான் துளையில் அழுத்தம் 70 பிஎஸ்ஐ என்றால் கார் டயர்க் காற்றைப் போல இரண்டு மடங்கு அழுத்தம். மென்மையான செல் என்றால் துளையை 100 மைக்ரானுக்கும் அழுத்தத்தை 20-க்கும் மாற்றிவிடுவேன். நேரம் இழுக்கும், இழுக்கட்டும். விழும் குழாயின் உள்சுவரை முன்பே சீரம் கலந்த திரவத்தால் நனைத்து வைப்பேன். வறண்ட சுவரில் ஒட்டிய துளி சீக்கிரம் காய்ந்துவிடும், அதற்குள் இருக்கும் செல்லும் போய்விடும்.

இதே லேசர் எங்கள் தொழுவத்துக்கும் வந்தது. கிடேரிக் கன்றுக்கென்று வரும் சினை ஊசியில் இருப்பது இப்படிப் பிரித்த விந்தணுக்கள்தான். கிடேரியைத் தரும் எக்ஸ் குரோமோசோம் உள்ள அணுவில் ஒய் உள்ளதைவிட ஏறக்குறைய 4 சதவீதம் டிஎன்ஏ கூடுதல். சாயம் ஏற்றினால் அந்த அளவுக்குக் கூடுதலாக ஒளிரும், இயந்திரம் பிடிப்பது அதைத்தான். விந்தணுவின் தலை தட்டையானது. லேசருக்கு முகம் காட்டாமல் பக்கவாட்டில் வந்தால் கணக்குத் தப்பிவிடும், அதனால் பெரும் பங்கு கழிந்துபோகிறது. சாதாரண சினை ஊசிக் குச்சியில் 2 கோடி விந்தணு என்றால் இதில் 20 முதல் 40 லட்சம்தான்.

அம்மாவின் கிடேரிக்குப் போன வருடம் இந்த ஊசி போட்டோம். முதல் தடவை நிற்கவில்லை. “இத்தனை ரூபாய் வாங்கிப் பிரிச்சுக் குடுத்தது ஏன் கண்ணு நிக்கல?” என்று கேட்டார். சாயம், லேசர், அழுத்தம், பிறகு மைனஸ் 196 டிகிரி நைட்ரஜன் எல்லாம் தாண்டி வந்ததும்மா, எண்ணிக்கையும் கம்மி, அதனால சினை பிடிப்பதும் கொஞ்சம் கம்மிதான் என்றேன். பத்தில் ஒன்பது கன்று கிடேரியாக வரும் என்பதற்காக மாட்டுக்காரர் கொடுக்கும் விலை அது. இரண்டாவது ஊசியில் நின்றது.

நீங்கள் படிக்கும் கல்லூரியில் இதைச் செய்யப் போகிறீர்கள் என்றால், பிரிப்பதற்கு முன்னும் பின்னும் டிரைபான் நீலம் என்ற சாயம் போட்டு எண்ணுங்கள். செத்த செல்லுக்குள் நீலம் ஏறிவிடும், உயிருள்ளது ஏற விடாது. எத்தனை சுத்தம் என்று மட்டும் அறிக்கையில் எழுதி, எத்தனை பிழைத்தது என்பதை எழுதாமல் விடாதீர்கள்.