விக்கில் அயர்ன் வைக்கலாமா?

(முத்தியால்பேட்டையில் நாடகக் குழுக்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் பல வருடங்களாகச் சிகை அலங்காரம் செய்துவரும் நம் அழகுக்கலை நிபுணர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

அக்கா, கீமோ முடிந்து இப்போதுதான் முடி குட்டையாக முளைக்கிறது. ஆபீசுக்குப் போகத் தோள் வரை வரும் சிந்தெடிக் விக் ஒன்று வாங்கினேன். இரண்டே மாதத்தில் பிடரிப் பக்கம் நுனியெல்லாம் சுருண்டு பஞ்சாகிவிட்டது. மகளுடைய ஸ்ட்ரெய்ட்னரால் ஒரு இழு இழுத்துவிடலாமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

இப்போதைக்கு அந்த ஸ்ட்ரெய்ட்னர் மகளிடமே இருக்கட்டும். அது நிஜ முடிக்காகச் செய்தது, 200 டிகிரிக்கு மேலும் போகும். சாதாரண விக் இழை ஒருவகை பிளாஸ்டிக். 150 டிகிரியைத் தொடுவதற்கு முன்பே சுருங்க ஆரம்பித்துவிடும். ஒரு இழுப்பிலேயே முடி தகட்டில் ஒட்டிக்கொள்ளும். விக்கும் போச்சு, ஸ்ட்ரெய்ட்னரும் போச்சு.

முதலில் விக்கோடு வந்த அட்டையையும் உள்பக்கம் தைத்திருக்கும் லேபிளையும் பாருங்கள். வெப்பம் தாங்கும் இழை என்று எழுதியிருந்தால் மட்டுமே அயர்ன் பேச்சு. ஒன்றுமே எழுதவில்லையா? தாங்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் வாயால் சொல்லும் உத்தரவாதத்தை நான் கணக்கில் எடுப்பதில்லை.

எழுதியிருந்தாலும் ஒரு பொறி இருக்கிறது. வெளிநாட்டு விக்குகளில் உச்ச வெப்பம் பெரும்பாலும் ஃபாரன்ஹீட்டில் போட்டிருக்கும். நம் வீட்டு அயர்ன் காட்டுவது செல்சியஸ். லேபிளில் 270 என்று பார்த்துவிட்டு, ‘நம்ம மெஷின் 230தானே போகும், பயமில்லை’ என்று ஆரம்பிப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அந்த 270 நம் கணக்கில் வெறும் 132 டிகிரி! லேபிள் எண்ணிலிருந்து 32ஐக் கழித்து 1.8ஆல் வகுத்துப் பாருங்கள். 300 என்றால் 149, 350 என்றால் 177. இன்னொன்று, வீட்டு ஸ்ட்ரெய்ட்னர்கள் சில 150க்குக் கீழே இறங்கவே இறங்காது. இன்னும் சிலவற்றில் டிகிரியே இருக்காது, ஒரு சுவிட்சும் சிவப்பு விளக்கும்தான். அந்த ரகத்தை எந்த விக்கின் பக்கத்திலும் கொண்டுபோகாதீர்கள்.

உங்கள் விக்குக்கு ஆவியே போதும். சளிக்கு ஆவி பிடிக்கும் மெஷின் வீட்டில் இருக்குமே, அதையே எடுங்கள். தைலமோ மாத்திரையோ போட்ட வாடை இல்லாமல் கழுவிவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். விக்கை முன்பே அலசி முழுக்க உலர்த்தியிருக்க வேண்டும். ஒரு குடத்தைக் கவிழ்த்து, கெட்டித் துண்டு சுற்றி, அதன்மேல் மாட்டுங்கள். தெர்மாகோல் தலை வேண்டாம், சூடு பட்டால் அதுவே உருக்குலைந்துவிடும். பிடரிப் பக்கத்து அடி வரிசையில் ஒரு மெல்லிய கற்றையைப் பிரித்துப் பரிசோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே என்ன ஆனாலும் வெளியே தெரியாது. ஒரு சாண் தள்ளி ஆவி காட்டி, பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுங்கள். பிறகு கற்றையை நேராக இழுத்துப் பிடித்துக்கொண்டு ஆறவிடுங்கள்.

இந்த ஆறவிடும் நேரத்தில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். பிளாஸ்டிக் இழை சூட்டில் இளகும், ஆறும்போது எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். சூடாக இருக்கும்போதே கையை விட்டால் பழையபடி சுருண்டுகொள்ளும். கை வலித்தால் கிளிப் போட்டு நிறுத்துங்கள். பரிசோதனைக் கற்றை நன்றாக வந்தால் மற்றதையும் அப்படியே செய்யலாம். வேர்ப்பக்கம் வேண்டாம். முடிச்சும் எலாஸ்டிக்கும் வலையும் அங்கேதான் இருக்கின்றன.

தலையில் மாட்டிக்கொண்டு மட்டும் எந்தச் சூடும் காட்டாதீர்கள். கீமோவுக்குப் பிறகு தலைத்தோல் மென்மையாக இருக்கும், சுலபத்தில் புண்ணாகும். எரிச்சலோ சிவப்போ தெரிந்தால் விக்கைக் கழற்றிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

சரி, பிடரியில் மட்டும் ஏன் இப்படி ஆனது? உரசல்தான். சுடிதார் காலர், துப்பட்டா, பஸ் சீட்டின் சாய்மானம் எல்லாமே ராவுகின்றன. ஸ்கூட்டரில் போனால் ஹெல்மெட் வேறு. பயண நேரத்தில் முடியைத் தளர்வாகக் கட்டி முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இழை எண்ணெயைக் குடிக்காது, தூசிதான் ஒட்டும். ஒரு ஸ்ப்ரே பாட்டில் தண்ணீரில் துணிக்குப் போடும் கண்டிஷனர் சில சொட்டு கலந்து லேசாகத் தெளித்தால் போதும். ஒரு நல்ல சேதியும் உண்டு. நம் கடற்கரைக் காற்றின் ஈரத்துக்கு நிஜ முடி போல இது உப்பிக்கொள்ளாது.

பள்ளி ஆண்டு விழா நாடகத்துக்குப் பன்னிரண்டு விக் வாங்கியிருக்கிறோம். எல்லாம் நேர் முடி. ராஜா வேடத்துக்குச் சுருள் முடி வேண்டும். கர்லிங் அயர்ன் வைக்கலாமா?
– ஆசிரியர், பாகூர்

வேண்டாம் சார். விலை மலிவான விக்குக்கு வெந்நீர்தான் வைத்தியம், அதுவும் பன்னிரண்டையும் ஒரே மாலையில் முடிக்கலாம். கற்றை கற்றையாகப் பிரித்து, நுனியை டிஷ்யூ பேப்பரில் மடித்து, மூங்கில் குச்சியிலோ பார்லரில் பெர்ம் செய்யும் ராடிலோ இறுக்கமாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். ஒயரிங் பைப் துண்டுகள் வேண்டாம், வெந்நீரில் வளைந்துவிடும். கொதித்த தண்ணீர் இரண்டு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் சுமார் 75 டிகிரி வரும். சுற்றிய முடியை மட்டும் அதில் கொஞ்ச நேரம் முக்கி எடுங்கள், தொப்பி நனைய வேண்டாம். இந்த வேலை பெரியவர்களுடையது, பிள்ளைகளை வாளிப் பக்கம் விடாதீர்கள். அப்புறம் ராத்திரி முழுக்க மின்விசிறிக் காற்றில் கிடக்கட்டும். காலையில் குச்சியை உருவிவிட்டு விரலால் கோதுங்கள். சீப்பு போட்டால் சுருள் எல்லாம் புதராகிவிடும்.

உங்களிடம் இருப்பது வெப்பம் தாங்கும் ரகம் என்றால் இந்தச் சூட்டில் சுருள் சரியாக நிற்காது. அதனால் ஒரு கற்றையில் முதலில் செய்து பாருங்கள். இன்னொரு விஷயம்: மேடையில் குத்துவிளக்கு, தீப்பந்தம், ஆரத்தித் தட்டு ஏதாவது உண்டா? உருகிய இழை தோலில் ஒட்டிக்கொள்ளும், உரிக்கப் போனால் தோலும் சேர்ந்து வரும். ராஜாவுக்கு ஆரத்தி எடுக்கிற காட்சியில் பேட்டரி விளக்கு வைத்துக்கொள்ளுங்கள். பின்வரிசைக்கு வித்தியாசம் தெரியவே தெரியாது.

குக்கரைத் திறந்தபோது ஆவி அடித்து என் விக்கின் முன்முடி பொரிந்துபோய்விட்டது. சரிசெய்ய முடியுமா?
– வாசகி, லாஸ்பேட்டை

நுனி கோணலாகச் சுருண்டிருக்கிறது, ஆனால் இழை தொடுவதற்கு மென்மையாகவே இருக்கிறது என்றால் மேலே மஞ்சக்குப்பம் வாசகிக்குச் சொன்ன முறையைச் செய்து பாருங்கள். தொட்டால் கரகரவென்று கெட்டியாக இருந்தால் அது உருகிய பிளாஸ்டிக். வெட்டத்தான் வேண்டும். கத்தரியை நெட்டுவாக்கில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியுங்கள், விக்கில் திரும்ப முளைக்காது. சமையலறைக்குள் போகும்போது ஸ்கார்ஃப் கட்டிக்கொள்ளுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் விக்கை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

நிஜ முடி என்று சொல்லி விற்ற சவுரி வாங்கினேன். அயர்ன் பண்ணுவதற்கு முன் எப்படி உறுதி செய்வது?
– வாசகி, நெல்லிக்குப்பம்

இரண்டே இரண்டு முடியை உருவி, இடுக்கியில் பிடித்து, கழுவுத்தொட்டிக்கு மேலே வைத்துத் தீக்குச்சி காட்டுங்கள். நிஜ முடி என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் நசுக்கினால் பொடியாகும். சிந்தெடிக் என்றால் பிளாஸ்டிக் நாற்றம், நுனியில் கெட்டியாக ஒரு மணி திரளும். ஆறிய பிறகு தொடுங்கள். சவுரியின் பல இடங்களிலிருந்து எடுத்துப் பாருங்கள், ஏனென்றால் இரண்டையும் கலந்து விற்பதும் உண்டு. திருமலையில் காணிக்கையாகும் முடி ஏலத்தில் போய்க் கப்பலேறுகிறது, நாம் இங்கே பிளாஸ்டிக்கை நிஜ முடி விலைக்கு வாங்குகிறோம்! கலப்படம் தெரிந்தால் அயர்ன் வேண்டாம், பில்லோடு கடைக்குப் போங்கள். முழுக்க நிஜ முடியாக இருந்தால் 150 டிகிரியில் ஆரம்பித்துப் பாருங்கள். சவுரி முடிக்குத் தலையிலிருந்து எண்ணெய்ப்பசை வராது, அதனால் சீக்கிரம் வறண்டுவிடும்.