ரேஸ் குடும்பத்துப் பையன்: ரப்பர் விளையை விற்கலாமா?

போன வாரம் மார்த்தாண்டத்திலிருந்து மகனோடு யோசனை கேட்டு வந்த அக்காவுக்கு,

அன்றைக்கு வெளியே ஆள் காத்திருந்ததால் அவசரமாகப் பேசி அனுப்பிவிட்டேன். அது மனதிலேயே கிடக்கிறது. இதே கவலையில் வேறு வீடுகளும் இருக்கும் என்பதால், பெயர் போடாமல் பொதுவில் எழுதுகிறேன்.

உங்கள் மாமனார் சோழவரத்தில் பைக் ரேஸ் ஓட்டியவர். வீட்டுக்காரர் இருங்காட்டுக்கோட்டையில் நாலு சீசன் கார் ஓட்டிவிட்டு இப்போது ஒர்க்‌ஷாப் நடத்துகிறார். மகன் ஒன்பதாம் வகுப்பு, கார்ட்டிங் (சின்ன ரேஸ் வண்டி) ஓட்டுகிறான். "ரத்தத்திலேயே இருக்கு, படிப்பு எதுக்கு" என்று அப்பா சொல்கிறார். குலசேகரத்து ரப்பர் விளையை, அதாவது தோட்டத்தை, விற்று வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்றும் பேச்சு. அதைச் சொல்லும்போதுதான் நீங்கள் அழுதுவிட்டீர்கள்.

பையனைப் பற்றி முதலில் சொல்கிறேன். நாம் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தாளைக் கொடுத்து, கோவை செட்டிபாளையம் டிராக்கை வரையச் சொன்னேன். ஒவ்வொரு வளைவையும் வரைந்து, பிரேக் பிடிக்கும் இடத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டான். "எங்க மக்கா நேரம் போகுது?" என்று கேட்டேன். வண்டியைக் குறை சொல்வான் என்று நினைத்தேன். அவனோ ஒரு வளைவில் விரலை வைத்து, "இங்க ஆக்ஸிலரேட்டர சீக்கிரம் மிதிச்சிருதேன் சார். வண்டி வெளிய தள்ளுது, அடுத்த ஸ்ட்ரெய்ட் முழுக்க ஸ்பீடு வராது" என்றான். பதினாலு வயதில் தன் தப்பைத் தானே இவ்வளவு துல்லியமாகச் சொல்வது பெரிய விஷயம். இது ரத்தத்தில் வந்ததில்லை, அக்கா. சாப்பாட்டு நேரத்திலும் ஒர்க்‌ஷாப்பிலும் அப்பா பேசுவதைக் கேட்டுக் கேட்டு வந்தது. ரேஸ் குடும்பம் பிள்ளைக்குத் தருகிற உண்மையான சொத்து இதுதான்.

ஆனால் அந்தச் சொத்து எதற்கும் உத்தரவாதம் கிடையாது. மிக் ஷூமாக்கரின் அப்பா மைக்கேல், கார் ரேஸின் உச்சமான ஃபார்முலா 1-இல் ஏழு முறை உலக சாம்பியன். மிக் 2020-இல், அதற்கு ஒரு படி கீழே உள்ள ஃபார்முலா 2 பட்டம் வென்றார். ஃபார்முலா 1-இல் 2021, 2022 என்று இரண்டே சீசன்தான் ஓட்டக் கிடைத்தது. டேமன் ஹில்லின் அப்பா கிரஹாம் ஹில் இரண்டு முறை சாம்பியன். 1975-இல் விமான விபத்தில் இறந்தார். டேமன் பைக்கில் கூரியர் வேலை பார்த்து, 31 வயதில்தான் ஃபார்முலா 1-க்குள் நுழைந்தார். 1996-இல் சாம்பியனும் ஆனார். நம்ம கோவை நரேன் கார்த்திகேயனையே பாருங்கள். அப்பா தேசிய கார் ராலி சாம்பியன். நரேன் 1992-இல் பிரான்ஸில் ரேஸ் பள்ளிக்குப் போனார். ஜோர்டான் என்ற ரேஸ் அணியில் ஃபார்முலா 1 ஓட்டியது 2005-இல். நடுவில் பதிமூன்று வருடம்!

அந்தப் பதிமூன்று வருடத்துக்கும் பணம் வேண்டும். டயர், என்ட்ரி ஃபீஸ், மெக்கானிக், தங்கும் செலவு எல்லாம் ஒவ்வொரு ரவுண்டுக்கும் திரும்பத் திரும்ப வரும். ஆரம்பக் கட்டங்களில் ஓட்டுகிறவர்தான் அணிக்குப் பணம் கட்ட வேண்டும். சம்பளம் என்பது மேலே போன சிலருக்குத்தான். விளையை விற்ற பணம் வெளிநாட்டில் வெகுநாள் தாங்காது. அப்புறம் பால் வெட்டி வருகிற வருமானமும் போய்விடும். விற்காதீர்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு சீசனுக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையை முடிவு செய்து, அதற்குள் கார்ட்டிங் ஓட்டட்டும். பிறகு எல்ஜிபி ஃபார்முலா 4 மாதிரியான தேசியப் போட்டி. ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தால் அடுத்த சீசன். வெளிநாடு என்ற பேச்சு, பாதிச் செலவையாவது ஸ்பான்சர் ஏற்றுக்கொண்ட பிறகுதான்.

இன்னொன்று, இதை வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். ஆரல்வாய்மொழி தாண்டி காவல்கிணறு போகும் நான்குவழிச் சாலையில், காற்றாலைகளுக்கு நடுவே, ராத்திரி பையனிடம் காரைக் கொடுக்கிறாராமே. இன்றோடு நிறுத்த வேண்டும். உயிர் ஒரு பக்கம். சட்டம் இன்னொரு பக்கம்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கு மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விழலாம், பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. ஃபார்முலா 1-க்கான சூப்பர் லைசென்ஸுக்குச் சாலை லைசென்ஸும் வேண்டும். அவன் ஆசைப்படுகிற கதவை அப்பாவே சாத்திவிடுவார்.

படிப்பை விடச் சொல்லவே சொல்லாதீர்கள். பத்தாம் வகுப்பு முடித்து, பதினொன்றில் கணக்கு, இயற்பியல் எடுக்கலாம். இல்லையென்றால் நாகர்கோவில் கோணம் அரசு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ. அதை முடித்து நேரடியாக பி.இ. இரண்டாம் வருடத்தில் சேரலாம். அவன் அந்தத் தாளில் போட்ட பெருக்கல் குறிகளைத்தான் ரேஸ் அணிகளின் டேட்டா இன்ஜினியர்கள் கம்ப்யூட்டரில் வரைபடமாகப் பார்க்கிறார்கள். ஓட்டுநராக முடியாமல் போனாலும் அந்த வேலை இருக்கிறது. கருண் சந்தோக் 2010-இல் ஃபார்முலா 1 ஓட்டியவர், அவர் அப்பாவும் ராலி ஓட்டுநர். இன்று அவரை ரேஸ் வர்ணனையாளராகத்தான் உலகம் பார்க்கிறது.

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் மூன்று பேரும் வாருங்கள். போன சீசன் செலவுக் கணக்கு நோட்டையும் அவனுடைய லேப் டைம்களையும் எடுத்து வரச் சொல்லுங்கள். அவன் வரைந்த தாள் என் மேஜையில்தான் இருக்கிறது.