குடலிறக்கம்: அருகிலுள்ள மருத்துவமனையா, மாநகர மருத்துவமனையா?

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் விவசாயம் செய்யும் என் தந்தைக்கு 61 வயது. வலது தொடை இடுக்கில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு புடைப்பு இருக்கிறது. படுத்தால் உள்ளே போய்விடுகிறது. அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பொது அறுவை சிகிச்சை மருத்துவர் இது குடலிறக்கம் என்றும், வலை வைத்துத் தைத்துவிடலாம் என்றும் சொல்கிறார். உறவினர்களோ மதுரையில் ஒரு ‘ஸ்பெஷலிஸ்ட்’டிடம் லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே கேமராவை நுழைத்துச் செய்யும் அறுவை சிகிச்சை) செய்துகொள்ளச் சொல்கிறார்கள். அப்பா பெல்ட் போதும் என்கிறார். எதைக் கேட்பது?

பதில்: உங்கள் தந்தையைப் பரிசோதித்தவரே இந்த நோய்க்குரிய ஸ்பெஷலிஸ்ட்தான். எம்.பி.பி.எஸ். முடித்து, மூன்றாண்டு எம்.எஸ். பயின்ற பொது அறுவை சிகிச்சை நிபுணரின் அன்றாட வேலையே குடலிறக்கம், குடல்வால் அழற்சி, பித்தப்பைக் கல், மூலம், சர்க்கரை நோயாளியின் கால் புண் போன்றவைதான். ‘பொது’ என்ற ஒரு சொல் அவரைப் பற்றி எவ்வளவு தவறான எண்ணத்தைத் தந்துவிடுகிறது!

திறந்த முறையில், தொடை இடுக்கில் சில சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறி, இறங்கிய குடலை உள்ளே தள்ளி, தசை பலவீனமான இடத்தில் வலையைப் பொருத்துவார்கள். முதுகில் ஊசி போட்டோ, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தோ இதை முடிக்கலாம். லேப்ராஸ்கோப்பியில் தழும்பு சிறியது, வலி குறைவு, வேலைக்குத் திரும்புவதும் சில நாட்கள் முந்தும். ஆனால் பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படும். பழகிய கைகளில் இரண்டும் நல்ல பலனே தரும் என்பதால், ஒரு பக்கத்தில் முதல்முறையாக வந்திருக்கும் குடலிறக்கத்துக்கு மதுரைப் பயணம் கட்டாயமில்லை. இரு பக்கமும் இருந்தாலோ, முன்பு திறந்த முறையில் தைத்த இடத்திலேயே மீண்டும் வந்திருந்தாலோ லேப்ராஸ்கோப்பியைத் தேடிப் போவதில் பொருள் உண்டு. இதய நோய் கடுமையாக இருந்தால், தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனையே நல்லது.

உறவினர்கள் யோசிக்காத ஒன்று, வீட்டுக்கு வந்த பிறகு நடப்பது. வயதான ஆண்களுக்கு அறுவை சிகிச்சை நடந்த இரவே சிறுநீர் அடைத்துக்கொள்வதுண்டு. சில நாட்கள் கழித்துத் தையலில் சீழ் வைக்கலாம். விரைப்பை வீங்கினால் ஓதம் வந்துவிட்டதோ என்று வீடே பதறும். அப்போது, தன் கையால் அறுவை செய்த மருத்துவர் பக்கத்து ஊரில் இருப்பது, சிறிய தழும்பைவிடப் பெரிய வசதி என்பது என் கருத்து. ஆகவே அவரிடம், இத்தகைய அறுவை சிகிச்சையை மாதத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள், மயக்க மருத்துவர் எந்த நாட்களில் இருப்பார், இரவில் தொந்தரவு வந்தால் யாரைப் பார்ப்பது என்று தயங்காமல் கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், அது எங்கே, எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்பதையும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

நாட்பட்ட இருமல், மலச்சிக்கல், முக்கிச் சிறுநீர் கழிக்கும் நிலை ஆகியவை இருந்தால் முதலில் அவற்றைக் கவனிக்க வேண்டும். இல்லையெனில் தைத்த இடம் மீண்டும் தளரக்கூடும். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் நான்கு வாரங்களுக்கு முன்பே நிறுத்துவது நல்லது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

பெல்ட் புடைப்பை அமுக்கி வைக்குமே தவிர, தசையிலுள்ள திறப்பை மூடாது. தொந்தரவு அதிகமில்லாத ஆண்கள் மருத்துவரின் கண்காணிப்பில் சில காலம் காத்திருக்கலாம். ஆகவே நடவோ அறுவடையோ முடியட்டும் என்று உங்கள் தந்தை கேட்டால், அதை மருத்துவரிடமே பேசி நாள் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் புடைப்பு உள்ளே போகாமல் கெட்டியாகி, கடுமையாக வலித்து, வாந்தி வந்தாலோ, வயிறு உப்பி மலமும் வாயுவும் நின்றாலோ, குடல் சிக்கி ரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம். அப்போது புடைப்பை அழுத்தி உள்ளே தள்ளப் பார்க்காமல், தண்ணீர்கூடக் கொடுக்காமல், 108-ஐ அழைத்து, எந்நேரமும் அறுவை சிகிச்சை செய்ய வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள்.