முழங்கால் வலிக்குக் கரண்ட் மெஷினை வீட்டுக்கே வாங்கலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே வசிக்கிறோம். 63 வயதாகும் என் தாயாருக்கு மூட்டுத் தேய்மானம். பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் உண்டு. கிருஷ்ணகிரிக்குப் பேருந்தில் சென்று பிசியோதெரபியில் கரண்ட் வைத்துக்கொண்டு வருகிறார். எங்கள் ஊர் மண்டபத்தில் முகாம் நடத்தியவர்கள், அதே சிகிச்சையை வீட்டிலேயே செய்யலாம் என்று சொல்லி ஒரு மெஷினை 18,500 ரூபாய்க்குத் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போது வாங்க வேண்டாம். விலையைவிடத் தாயாரின் சர்க்கரை நோயே எனக்குக் கவலை தருகிறது. நீண்ட நாள் சர்க்கரையால் காலில் உணர்ச்சி மங்கியிருந்தால், மின்னோட்டம் அளவு மீறுவது அவருக்குத் தெரியாது. சுருக்கென்று உணரும்வரை கூட்டிக்கொண்டே போவார், பேட் (மின்னோட்டம் செலுத்தும் ஒட்டுப்பட்டை) ஒட்டிய இடம் வெந்து புண்ணாகிவிடும், அந்தப் புண் ஆறுவதும் எளிதல்ல. ஆகவே, பேட் வைக்கும் இடத்தில் கூர்மையும் மழுக்கமும் அவருக்குப் பிரித்துத் தெரிகின்றனவா என்று பிசியோதெரபிஸ்ட் சோதித்துச் சொல்லட்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும், காலில் இரத்தம் உறைந்துள்ளவர்களும் இக்கருவியைத் தாமாகப் பயன்படுத்தவே கூடாது.

‘அதே சிகிச்சை’ என்ற பேச்சையும் அப்படியே ஏற்க வேண்டாம். மருத்துவமனைகளில் முழங்காலைச் சுற்றி நான்கு பேட் வைத்துத் தருவது பெரும்பாலும் ஐ.எஃப்.டி. (இரு மின்னோட்டங்களைக் குறுக்காகச் செலுத்தும் சிகிச்சை); வீட்டுக்கு விற்கப்படும் சிறு கருவிகளில் பெரும்பாலானவை டென்ஸ் (TENS, தோல்வழியே நரம்பைத் தூண்டும் கருவி). டென்ஸ் வலி உணர்வை நரம்பின் வழியில் மட்டுப்படுத்த முயல்கிறதே தவிர, தேய்ந்த மூட்டை வளர்ப்பதில்லை. தசையைச் சுருங்கவைக்கும் இ.எம்.எஸ். வேறொரு வகை. மூட்டுத் தேய்மானத்துக்கு இவற்றால் பயன் உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று கூறி, மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2022-இல் இவற்றைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே வழிகாட்டியது. சிலருக்குத் தற்காலிகமாக வலி தணிவது உண்மைதான். ஆனால் தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியை விட்டுவிட்டு மெஷினை மட்டும் நம்பினால், தாயார் நடக்கும் தூரம் அதிகரிக்காது.

சோதனைக்குப் பிறகும் பிசியோதெரபிஸ்ட் ‘டென்ஸ் வைக்கலாம்’ என்றால், இரண்டு வாரம் வாடகைக்கோ இரவலாகவோ பெற்றுப் பார்த்துவிட்டு, அவர் எழுதித்தரும் வகையையே வாங்குங்கள். பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், உரிம எண், அதிகபட்ச சில்லறை விலை, இறக்குமதிப் பொருளானால் இறக்குமதியாளரின் முகவரி ஆகியவை இருக்க வேண்டும்; 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகள் இக்கருவிகளுக்கும் பொருந்தும். பலர் கவனிக்கத் தவறுவது பேட்தான். ஒட்டும் பேட்கள் சில வாரங்களில் பிடிப்பிழக்கும். ஒட்டாத பேட் ஒரே புள்ளியில் மின்னோட்டத்தைக் குவிக்கும். ஆகவே, பேட்டை இணைக்கும் ஒயர் முனை (பின்) பொதுவான வகையாக உள்ள, மாற்றுப் பேட் கிருஷ்ணகிரியிலேயே கிடைக்கும் கருவியாகப் பாருங்கள்.

முகாமில் முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால், பில்லை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகச் செயல். பழுதான பொருளை, பில்லில் கெடு குறிக்காதபோது 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அவ்வாறே. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு தயங்க வேண்டாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். தீராவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். 5 லட்ச ரூபாய்க்கு உட்பட்ட வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை.

பேருந்துப் பயணம்தான் தாயாருக்குப் பெருஞ்சிரமம் என்றால், 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியிலேயே தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வந்து தரும் பிசியோதெரபியும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் பெயரைப் பதிவு செய்யக் கேளுங்கள்.