பதில்: ஐயா பர்மாவிலிருந்து நடந்து வந்த வழி

தேவகோட்டை வீட்டுப் பெட்டகத்தில் கிடைத்த ஐயாவின் குறிப்பேட்டில் 'மொனிவா, களேவா, தமு' என்று மூன்று பெயர்கள் மட்டும் இருப்பதாகவும், அவர் 1942இல் எந்தக் கப்பலில் திரும்பினார் என்று தேடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். கப்பலைத் தேட வேண்டாம். அந்த மூன்று பெயர்களும் தரைவழியைத்தான் சொல்கின்றன.

கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யக் கடல்கடந்து போனபோது சென்னையில் கப்பலேறி ரங்கூனில் இறங்கியிருப்பார். ஆனால் 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது, 1942 மார்ச்சில் ஊரே ஜப்பானியர் கைக்குப் போனது. அதன்பின் அங்கிருந்து கப்பல் ஏது?

கால்நடையாக வந்தவர்களில் ஒரு பகுதியினர் புரோம், டவுங்கப் கணவாய் வழியாக அக்யாப் போய், சிட்டகாங் சேர்ந்தார்கள். உங்கள் ஐயா வந்தது வடக்கு வழி. மொனிவாவிலிருந்து பர்மாவின் சிந்த்வின் (Chindwin) ஆற்றில் படகேறி களேவா, அங்கிருந்து மலேரியாவுக்குப் பேர்போன கபாவ் பள்ளத்தாக்கு வழியாகத் தமு, அப்புறம் மலையேறிப் பாலெல், இம்பால். இம்பாலிலிருந்து ரயில் கிடைக்கும் திமாப்பூருக்கே 200 கி.மீ.க்கு மேல். காலராவில் வழியிலேயே போனவர்கள் ஏராளம். அவர் வீடு வந்து சேர்ந்ததே பெரிய விஷயம்.

குறிப்பேட்டில் தேதி இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். மே மாதத்துக்குப் பிறகென்றால் மழையில் நடந்திருக்கிறார். 'திமாப்பூர்', 'கல்கத்தா' என்ற பெயர்கள் கடைசிப் பக்கங்களில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். தாள் நொறுங்கும் நிலையில் இருந்தால் புரட்டுவதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள்.